மொய் எழுதும் வகுப்பு

கேள்வி: ஆன்லைன் கோர்ஸில் முகம் தெரியாதவர்கள் எப்படி ஒருவருக்கொருவர் உதவுவார்கள்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: முகம் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் உதவிவிடுகிறாரா என்ன! 2011-ல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை செபாஸ்டியன் த்ரனும் பீட்டர் நார்விக்கும் இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். சேர்ந்தது சுமார் 1,60,000 பேர். வாத்தியார் இரண்டே பேர். சந்தேகத்தை யார் தீர்ப்பது? மாணவர்களே ஒருவருக்கொருவர் வாத்தியார் ஆனார்கள். பல மொழிகளில் சப்டைட்டில் போட்டதும் தன்னார்வலர்கள்தான். (கடைசிவரை தாக்குப்பிடித்தவர்கள் சுமார் 23,000 பேர். அது வேறு கதை.)

இப்போது பல கோர்ஸ்களில் சக மாணவர்தான் மார்க் போடுகிறார். நாமும் நாலு பேர் விடைத்தாளைத் திருத்தினால்தான் நம் மார்க் வெளியே வரும். அசல் மொய்க் கணக்கு! ராத்திரி கண்விழித்து நான் எழுதிய மூன்று பக்கத்துக்கு வந்த விமர்சனம், 'குட்.' மறுநாள் அதையே அடுத்தவருக்கு எழுதிவிட்டேன்.