வரவேற்புரை: செயலாளர்

கும்பகோணத்தில் காலை ஆறரைக்குக் கைபேசி அடித்தால் ஒன்று உறவில் யாராவது போயிருக்க வேண்டும், இல்லையென்றால் செயலாளராக இருக்க வேண்டும்.

"சார், ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேலை ஒண்ணும் இல்லியே?"

இதிலிருந்து தப்பிக்கும் பதிலை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. இல்லை என்றால் அழைப்பிதழில் 'முன்னிலை' வரிசையில் உங்கள் பெயர் ஏறிவிடும். இருக்கிறது என்றால், "பரவால்ல சார், ஒரு பத்து நிமிஷம் தலையக் காட்டிட்டுக் கெளம்பிடுங்க. பேரு அச்சாயிடுச்சு" என்பார். நேற்றே அச்சாகிவிட்டது; இன்று கேட்பது மரியாதைக்கு.

எந்த அமைப்பின் செயலாளர் என்று கேட்கக் கூடாது. 2021ல் மாநகராட்சியாகிவிட்ட எங்கள் ஊரில் மன்றம், பேரவை, வட்டம், கழகம், சபா, அறக்கட்டளை என்று முடிகிற பலகைகளை எண்ணத் தொடங்கினால் மகாமகக் குளத்தை ஒரு சுற்று வருவதற்குள் விரல் தீர்ந்துபோகும். அமைப்புகள்தான் பல, ஆட்கள் அதே எழுபது எண்பது பேர். இங்கே தலைவராக இருப்பவர் அங்கே பொருளாளர், இன்னொன்றில் புரவலர். போன வாரம் மேடையில் இருந்தவர்கள் இந்த வாரம் கீழே உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். எங்கும் எப்போதும் நின்றுகொண்டே இருப்பவர் செயலாளர் ஒருவர்தான். அவர் வீட்டுக்குப் போன் செய்தால் மனைவிதான் எடுப்பார்.

"இல்லீங்க, சங்கத்துக்குப் போயிருக்காங்க."

"எந்தச் சங்கம்மா?"

"அது தெரியலீங்களே. பையை எடுத்துட்டுப் போயிருக்காங்க."

பைதான் சங்கம். தோளில் தொங்கும் அந்த ஜோல்னாப் பைக்குள் மூன்று ரசீதுப் புத்தகங்கள், ரப்பர் ஸ்டாம்பு, காய்ந்துபோன மைப்பெட்டி, தீர்மானப் புத்தகம், போன கூட்டத்தில் மிஞ்சிய அழைப்பிதழ்கள் (பின்பக்கம் வெள்ளையாக இருப்பதால் கணக்கெழுத) எல்லாம் இருக்கும். அடியில் பிளாஸ்டிக் உறை பிரிக்காத துண்டுகள் இரண்டு. பொன்னாடை விலை ஏறியபின் நம் அமைப்புகள் பயனாடைக்கு மாறிவிட்டன. பச்சைக் கரை போட்ட ஒரு துண்டை எனக்கு நன்றாகத் தெரியும். பேச்சாளர் தோளில் விழுந்தது. அவர் பெருந்தன்மையாகத் தலைவருக்குப் போட்டார். தலைவர் உணர்ச்சிவசப்பட்டுச் செயலாளருக்குப் போட்டார். மறுநாள் வேறொரு பேரவையில் வேறொரு கவிஞருக்கு அது விழுந்தது. எங்கள் ஊர் இலக்கியத்தில் இவ்வளவு மறுபதிப்பு கண்டது வேறொன்றுமில்லை.

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975ன்படி சங்கம் தொடங்க ஏழு பேர் வேண்டும். கலை இலக்கியம் வளர்க்க ஏழு பேர் போதும் என்று சட்டம் நினைத்தது பெரிய நம்பிக்கைதான். செயலாளர் தாம் ஒருவர், மைத்துனர் ஒருவர், அச்சகக்காரர், மாடி வீட்டுக் குடித்தனக்காரர் என்று சேர்த்து ஆறு வரை வந்துவிடுவார். ஏழாவது ஆள் எப்போதும் ஆதார் நகலை வீட்டில் மறந்துவிட்டு வந்தவராக இருப்பார்.

ஏழு பேரும் ஓராண்டுக்குப் பிறகு பிரிவார்கள். கொள்கைப் பிளவெல்லாம் இல்லை. அழைப்பிதழில் ஒருவருடைய தலைப்பெழுத்து விட்டுப்போயிருக்கும், அல்லது 'புலவர்' என்று போடாமல் 'திரு' என்று போட்டிருப்பார்கள். அடுத்த மாதம் அதே பெயரின் முன்னால் 'உலக' சேர்த்துப் புதுப் பலகை மாட்டப்படும். இதற்காக யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. காவிரிக் கரையில் இதற்குப் பெரிய முன்னோர்கள் உண்டு. பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையையே பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று பிரிந்து தனித்தனியாக நடத்தியிருக்கிறார்கள். இரண்டிலும் பெண்களைப் பாட விடவில்லை என்று பெங்களூர் நாகரத்தினம்மாள் தனியாக ஒன்றைத் தொடங்கினார். 1940ஐ ஒட்டித்தான் எல்லாம் ஒன்றாயின. நாகரத்தினம்மாளுக்காவது நியாயமான காரணம் இருந்தது. நம்மவர்களுக்கு எழுத்து அளவு சின்னதாகிவிட்டது, அவ்வளவுதான்.

அழைப்பிதழைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். செயலாளரின் முழுத் திறமையும் அதில்தான் இருக்கிறது. தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, தொடக்கவுரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, நன்றியுரை, தொகுப்புரை. இதில் பேச அழைக்கப்பட்டவர் சிறப்புரை ஒருவர்தான். மற்றவர்களெல்லாம் வராமலிருக்கக் கூடாது என்பதற்காகச் சேர்க்கப்பட்டவர்கள். ஆயிரம் ரூபாய் நன்கொடை கொடுத்த பாத்திரக்கடை முதலாளி முன்னிலை. ஐயாயிரம் கொடுத்த ஜவுளிக்கடைக்காரர் தலைமை. ஒன்றும் கொடுக்காமல் போன தடவை நல்லபடியாகத் திட்டியவருக்கு வாழ்த்துரை. பெயர் அச்சிலிருந்தால் திட்டமாட்டார் என்பது கணக்கு. கலைப்பிரியர், இலக்கியச் செம்மல், கவிமாமணி என்று பட்டங்களைப் பெயர்களின் முன் அடுக்குவதும் அவரேதான். பல பட்டங்கள் போன ஆண்டு அவர் கையால் கொடுத்தவைதாம், கொடுத்தவருக்கு நினைவிருக்காதா? மேடையில் பதினாறு பேர் ஏறிவிடுவதால் சில சமயம் கீழே பதினைந்து பேர் இருப்பார்கள். அப்போது செயலாளர் முன்னிலைக்காரர்களில் இருவரைக் கண்ணைக் காட்டிக் கீழே இறக்கிக் கூட்டத்தைப் பெருக்குவார்.

கூட்டம் மாலை ஆறு மணி என்று போட்டிருக்கும். ஆறு மணிக்கு மைக் செட்காரர் மட்டும் வந்து "ஹலோ, செக், செக்" என்று நாற்காலிகளோடு பேசிக்கொண்டிருப்பார். ஆறரைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர் வந்து மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடிப்பார்கள். ஏழு பத்துக்கு வரவேற்புரை. செயலாளர் மைக்கைப் பிடித்து, 1897ல் விவேகானந்தர் வந்து பேசிய ஊர் இது என்று தொடங்குவார். அடுத்து காரைக்குடிக்குப் போவார். 1939ல் அங்கே கம்பன் கழகத்தைத் தொடங்கிய கம்பன் அடிப்பொடி சா. கணேசன், குறித்த நேரத்துக்கு ஒரு நிமிஷம் பிந்தாமல் விழாவைத் தொடங்குவாராம். "அப்பேர்ப்பட்ட நேர ஒழுங்கை நாமும் கடைப்பிடிக்க வேண்டும்" என்று ஏழே காலுக்குச் சொல்வார். ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அவரும் சிரிக்கமாட்டார்.

நிகழ்ச்சி நிரலில் குறித்த நேரத்துக்குள் முடிவது ஒன்றே ஒன்றுதான்: தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பரில் அதை மாநிலப் பாடலாக அறிவித்த அரசாணை, 55 விநாடிக்குள் பாட வேண்டும் என்று சொல்லிவிட்டது. வாழ்த்துரைக்கும் இதுபோல ஓர் ஆணை வந்தால் நான் முதல் ஆளாக எழுந்து நிற்பேன்.

"நேரமின்மை கருதி இரண்டே நிமிடங்களில்" என்று தொடங்குகிற வாழ்த்துரை இருபது நிமிஷம் ஓடும். சென்னையிலிருந்து உழவன் எக்ஸ்பிரஸில் விடியுமுன் வந்து இறங்கிய சிறப்புப் பேச்சாளர், பகல் முழுக்க லாட்ஜில் குறிப்பெடுத்தவர், மேடையில் தன் முறைக்காகக் காத்துக் காத்து, எட்டே முக்காலுக்கு எழுப்பப்படுவார். ஒன்பது மணிக்கு மண்டபத்து வாட்ச்மேன் பின்வரிசை விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கத் தொடங்குவார். பேச்சாளர், எழுத்தாளர் கு.ப.ரா.விலிருந்து பிச்சமூர்த்திக்கு வரும்போது பாதி மண்டபம் இருட்டு. ஆனாலும் பெற்றோர்கள் நகரமாட்டார்கள். பேச்சுப் போட்டியில் வென்ற பிள்ளைகளுக்குப் பரிசளிப்பைக் கடைசியில் வைத்த செயலாளரின் ராஜதந்திரம் அது.

ஊர்க் கூட்டங்கள் அத்தனையிலும் எல்லாப் பேச்சையும் முழுதாகக் கேட்டவர் மைக் செட்காரர் ஒருவர்தான். ஒருநாள் டீக்கடையில் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். "ஜானகிராமன் ஐயாவைப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் பேசறாங்க சார். ஆனா அந்தப் பாபு கடைசில என்ன ஆனான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கறாங்க" என்றார். பாபுவின் கதையான 'மோகமுள்' இந்த ஊர்த் தெருக்களில் நடக்கும் ஜானகிராமன் நாவல். செயலாளரும் அதைப் பாதிவரை படித்திருக்கிறார். மீதிக்கு நேரமில்லை, ஜானகிராமன் விழா வேலை இருக்கிறதல்லவா?

இறந்துபோன எழுத்தாளர்கள் விஷயத்தில் அவர் விட்டுக்கொடுக்கவே மாட்டார். ந. பிச்சமூர்த்தி, கு.ப.ரா., எம்.வி. வெங்கட்ராம் மூவரும் இங்கேயே பிறந்தவர்கள், அதில் தகராறில்லை. ஜானகிராமன்தான் தொல்லை. பிறந்தது மன்னார்குடிப் பக்கம் தேவங்குடி. "பொறந்தது எங்க வேணா இருக்கட்டும் சார், காலேஜ் எங்க படிச்சாரு? நம்ம ஊர்ல!" என்பார். ஈரோட்டில் பிறந்த கணித மேதை ராமானுஜனையும் இதே சட்டப்பிரிவின்கீழ் சேர்த்துக்கொண்டார். டிசம்பர் 22ல் ராமானுஜனுக்கு அவர் எடுக்கும் விழாவில் கவியரங்கம் உண்டு. 'எண்ணே என் கண்ணே' என்று பத்துக் கவிஞர்கள் பாடுவார்கள். யாருக்கும் கணக்கு வராது.

2021ல் ஜானகிராமன் நூற்றாண்டின்போது கொரோனா. செயலாளர் அசரவில்லை. பேத்தியிடம் ஜூம் கற்றுக்கொண்டு இணையவழியில் நடத்தினார். "ஐயா, மியூட்ட எடுங்க, மியூட்ட எடுங்க" என்பதுதான் அந்த விழாவின் மையக் கருத்து. ஒரு முன்னிலைக்காரர் கடைசிவரை விட்டத்தையே காட்டிக்கொண்டிருந்தார்.

செயலாளருக்கென்று ஒரே ஓர் ஆசை உண்டு. தமிழ் வளர்ச்சித் துறை கொடுக்கும் தமிழ்ச் செம்மல் விருது. மாவட்டத்துக்கு ஒருவருக்குத்தான். தஞ்சாவூரில் அவரைவிடப் பெரிய பையோடு எத்தனையோ பேர் வரிசையில் நிற்கிறார்கள். 2020ல் மயிலாடுதுறை தனி மாவட்டமானதும் அவர் முகம் வாடிப்போனது. கும்பகோணத்தைத் தனி மாவட்டமாக்கக் கோரி எந்தக் கூட்டம் நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பார். நிர்வாக வசதிக்காக என்று சொல்வார்.

பத்திரிகைச் செய்தியை முந்தின இரவே எழுதிவிடுவது அவர் வழக்கம். 'திரளானோர் கலந்துகொண்டனர்' என்ற வரி எல்லாவற்றிலும் உண்டு. ஒருமுறை பேச்சாளர் ரயிலைத் தவறவிட்டார்; மறுநாள் செய்தியில் அவர் 'எழுச்சியுரை ஆற்றினார்'. பேச்சாளரே கூப்பிட்டு, பேச்சு எப்படி இருந்தது என்று கேட்டதாகத் தகவல். இரங்கல் கூட்டம், படத்திறப்பு என்றால் இன்னும் வேகம். எண்பது தாண்டிய பெரியவர்களிடம் போய், "ஐயா, நல்ல போட்டோ ஒண்ணு குடுத்து வைங்க, மலருக்கு வேணும்" என்பார். எந்த மலருக்கு என்று அவர் சொல்வதில்லை. பெரியவர்கள் அன்றிரவு சரியாகத் தூங்குவதில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கணக்குப் புத்தகத்தைச் சொல்லாமல் விடுவது அயோக்கியத்தனம். மண்டப வாடகை, மைக் செட், அச்சுக்கூலி, லாட்ஜ், பேச்சாளரின் வழிச்செலவுக் கவர், நினைவுப் பரிசாக நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, காபி. வரவுப் பக்கத்தில் சந்தா, நன்கொடை. இரண்டுக்கும் நடுவில் எப்போதும் ஒரு பள்ளம் இருக்கும். ஆண்டுக் கூட்டத்தில் பொருளாளர் கணக்கு வாசிக்கும்போது மட்டும் பள்ளத்தைக் காணோம். அது செயலாளரின் பென்ஷனில் அடைக்கப்பட்டது என்று பொருளாளருக்குத் தெரியும், செயலாளரின் மனைவிக்கும் தெரியும், தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதில்லை. இந்த ஊரில் இதுவும் பழைய வழக்கம்தான். எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரத்தில் சம்பாதித்ததை 'தேனீ' என்று ஓர் இலக்கியப் பத்திரிகை நடத்தி இழந்தவர். 'காதுகள்' நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது அவருக்கு வந்தது 1993ல். செயலாளருக்கு ஜரிகைக் கடை இல்லை. நாவலும் எழுதவில்லை. இழப்பதை மட்டும் ஒழுங்காகச் செய்கிறார்.

ஆண்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் எழுந்து நிற்பார். "எனக்கு வயசாயிடுச்சு. இந்த வருஷத்தோட விடுதலை குடுத்துடுங்க. சின்னவங்க யாராச்சும் பொறுப்பை எடுத்துக்கணும்." அங்கே இருப்பவர்களில் ஆகச் சின்னவருக்கு அறுபத்திரண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் செருப்பைத் தேடுவார்கள். யாரோ ஒருவர், "அண்ணன் இல்லாம சங்கமா?" என்று குரல் கொடுக்க, கைதட்டல் எழும். 'ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்' என்று தீர்மானப் புத்தகத்தில் அவரே எழுதிக்கொள்வார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாற்காலிகளை அடுக்கப் போவார்.

அவர் ஒரு மாதம் படுத்துவிட்டால் எங்கள் ஊரில் பதினோரு அமைப்புகள் ஒரே நாளில் இயங்காமல் போகும். பலகைகள் மட்டும் இருக்கும். அவரைப் பற்றிச் சிரிக்கிற நாங்கள் எழுபது எண்பது பேரும் ஞாயிறு மாலை வீட்டில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருப்போம்.

உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார். சந்தா வருஷத்துக்கு நூறு ரூபாய்தான். மூன்று வருஷமாகப் பாக்கி வைத்திருப்பீர்கள், அவர் கேட்டிருக்கமாட்டார். அடுத்த ஞாயிறு ஆறு மணிக்குக் கூட்டம் என்று போட்டிருந்தால் ஏழுக்குப் போனால் போதும். முந்நூறு ரூபாயைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ரசீது வாங்க மறக்காதீர்கள். கொடுக்காமல் விட்டால் அவருக்குத் தூக்கம் வராது.