ஓடாதவர்கள் ஜெயிக்கும் ஆட்டம்

பெல்வியூ,
வாஷிங்டன் மாநிலம்.

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமை போன் போட்டால் ஏன் எடுப்பதில்லை என்று அத்தான் கோபித்துக்கொண்டாராமே. நானும் மீனாவும் பிக்கிள்பால் லீகில் சேர்ந்துவிட்டோம். சனிக்கிழமை காலை முழுக்க அங்கேதான்.

அத்தானுக்குப் புரியும்படி சொல்கிறேன். இறகுப்பந்து இரட்டையர் ஆடுகிற அதே 44க்கு 20 அடிக் களம். வலை இடுப்புயரம். டேபிள் டென்னிஸ் மட்டையை ஊட்டி வளர்த்தது மாதிரி ஒரு மட்டை. பிளாஸ்டிக் பந்து, அதில் உடம்பெல்லாம் ஓட்டை. 1965இல் பெயின்பிரிட்ஜ் தீவில், 'போரடிக்கிறது' என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஜோயல் பிரிட்சர்டும் நண்பர்களும் கையில் கிடைத்ததை வைத்து உண்டாக்கிய ஆட்டம். சியாட்டிலிலிருந்து படகேறினால் அரைமணிச் சொச்சத்தில் அந்தத் தீவு வந்துவிடும். 2022இல் இந்த ஆட்டத்தை மாநில விளையாட்டாகவே அறிவித்துவிட்டார்கள். பிள்ளைகளுக்காகச் செய்ததைத் தாத்தா பாட்டிகள் பிடுங்கிக்கொண்டது தனிக்கதை.

எங்கள் லீகில் ஒரு பாட்டி இருக்கிறார். எழுபதைத் தாண்டியவர், முட்டி மாற்று அறுவை செய்தவர். வலைக்கு இருபுறமும் ஏழடிக்கு 'கிச்சன்' என்று ஒரு பகுதி; அதற்குள் நின்று, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது. பாட்டி அந்தக் கோட்டை ஒட்டி ஊன்றி நின்றுவிடுவார். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடிய திமிரில் நான் ஓங்கி அறைவேன். அவர் மட்டையைச் சும்மா நீட்டுவார். பந்து வலையைத் தாண்டி என் காலடியில் பொத்தென்று விழும். ஓட்டமெல்லாம் எனக்கு, புள்ளியெல்லாம் அவருக்கு. முடிவில் 'வெல் பிளேய்ட், ஸ்வீட்டி' என்பார். தலை நரைத்த என்னை அம்மாகூட இவ்வளவு செல்லமாகக் கூப்பிட்டதில்லை.

லீகில் நடுவர் கிடையாது. நம் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்று நாமே சொல்ல வேண்டும். சந்தேகமென்றால் எதிராளிக்குச் சாதகமாகத்தான் சொல்ல வேண்டும். நம் தெருவில் ஒரு அவுட்டுக்காக ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன சித்தப்பா பையனை இங்கே கொண்டுவந்தால் ஒரு வாரம் தாங்கமாட்டான்.

'டூப்பர்' என்று ஒரு தரக்குறியீடு வேறு, இரண்டிலிருந்து எட்டு வரை. ஆடுகிற ஆட்டத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். முன்பெல்லாம் நம்மவர்கள் சந்தித்தால் எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று கேட்பார்கள். இப்போது 'உங்க டூப்பர் எவ்வளவு?' மீனாவுக்கு என்னைவிட அதிகம். அவளோடு ஜோடி சேர ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள். நான் கார் சாவியோடு நிற்கிறேன்.

போன மாதம் டோர்னமென்ட், கலப்பு இரட்டையர், ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு. ஒரு ஆட்டம் பதினோரு புள்ளி, கால்மணியில் முடிந்துவிடும். அதற்காக விடியற்காலை போய் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோடு நாள் பூரா உட்கார்ந்திருந்தோம். கூட இருந்த வெள்ளைக்காரர்கள் வாழைப்பழம் தின்றபடி எங்கள் டப்பாவையே பார்த்தார்கள். கொடுத்தோம். பொடியை ஜாம் என்று நினைத்து அள்ளியவர் அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தார். கோபத்தில்தான் என்று மீனா சொல்கிறாள்.

எங்களுக்கு ஒரு ரகசிய ஆயுதம் இருந்தது. பந்து வெளியே போகிற மாதிரி இருந்தால் மீனா 'விடுங்க!' என்று கத்துவாள், எதிராளிக்கு ஒன்றும் விளங்காது. முதல் ஆட்டம் ஜெயித்தோம். இரண்டாவதில் எதிரே நின்றவர் சிரித்துக்கொண்டே, 'நாங்க விடமாட்டோம் சார்' என்றார். திருநெல்வேலிக்காரராம். பதினொன்றுக்கு நான்கில் தோற்றோம். தோற்றவர்களுக்கும் இன்னொரு வாய்ப்பு உண்டு. அதில், எங்கள் இருவருக்கும் நடுவே வந்த பந்துகளை இருவருமே விட்டோம். வீடு வரும்வரை காரில் அதே பேச்சு.

நாகர்கோவிலிலிருந்து யாராவது இந்தப் பக்கம் வந்தால் காயத்திருமேனி எண்ணெய் ஒரு பாட்டில் கொடுத்துவிடு, முட்டி கெஞ்சுகிறது. எனக்கு மட்டும் போதும். மீனாவுக்கு வேண்டாமாம். அவளும் இப்போது ஓடுவதில்லை.

அன்புத் தம்பி,
குமார்