மரை கழன்ற கேள்விகள்

கே: அப்பா வைத்திருந்த 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு. வேகத்தடையில் இறங்கினால் முன்பக்கம் 'டொக்' என்கிறது. மூன்று மெக்கானிக் பார்த்தார்கள். மூன்று பேரும் மூன்று பார்ட்ஸ் மாற்றச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?
(வாசகர், சுங்குவார்சத்திரம்)

ப: ஜாக்கியை. ஆனால் ஸ்டாண்டு வைக்காமல் அடியில் படுக்காதீர்கள். அந்த அளவுக்கு நம்பச் சொல்லவில்லை. முன்சக்கரத்தைத் தூக்கி, மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். நின்றுவிட்டால் வீல் பேரிங். நிற்காவிட்டால் மேலே பால் ஜாயின்ட், அல்லது கீழே டிரனியன். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ராட் எண்டைப் பாருங்கள். சக்கரம் கல்லாக நிற்கிறது, சத்தம் மட்டும் வருகிறது என்றால் புஷ், ஷாக், ஆன்டி ரோல் பார் லிங்க். இவ்வளவும் பார்த்த பிறகு பர்ஸைத் திறந்தால் போதும்.

கே: ஸ்டியரிங்கை ஒடித்தால் கிரீச்சிடுகிறது. மாதம் தவறாமல் கிரீஸ் அடிக்கிறேனே?
(வாசகர், ஒரகடம்)

ப: அதுதான் வினை! ஹெரால்டில் சக்கரத்தைத் தாங்கும் தண்டின் கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற உலோகக் கூட்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையும் திரும்பும். இந்த வண்டி 25 அடி வட்டத்துக்குள் வளையும் என்று பெருமை பேசுகிறோம். நம்ம கூட்டுரோட்டில் ஷேர் ஆட்டோக்காரரே வாய் பிளக்க ஒரே ஒடிப்பில் யு-டர்ன் அடிக்கிறோம். வேலை முழுவதும் அந்த மரைக்குத்தான்.

அதற்கு வேண்டியது கிரீஸ் அல்ல, 90 நம்பர் கியர் ஆயில். வண்டியைச் செய்தவர்கள் சொன்னதும் அதைத்தான். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. காய்ந்து கட்டிதட்டும், மழைத்தண்ணீர் புகும், துரு பிடிக்கும். முற்றினால் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். டிரனியனில் இருக்கும் சின்ன பிளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னில் ஆயிலை நிரப்பி அடியுங்கள். முதலில் கறுப்புக் களி வரும். சுத்தமான ஆயில் மேலே கசியும்வரை விடாதீர்கள். இதை மறந்தவரின் வண்டிக்குத்தான் மரை கழலும்.

கே: புது ரப்பர் புஷ் ஒரே மாதத்தில் பிய்ந்துவிட்டது. டூப்ளிகேட்டா?
(வாசகர், வாலாஜாபாத்)

ப: இருக்கலாம். ஆனால் போல்ட்டை எப்போது முறுக்கினீர்கள்? சக்கரம் தொங்கும்போது முறுக்கியிருந்தால், வண்டி தரைக்கு வந்ததிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். பிய்யாமல் என்ன செய்யும்? வண்டியை இறக்கி, சக்கரத்தில் பாரம் உட்கார்ந்த பிறகு கடைசி முறுக்கு.

கே: ஹெரால்டும் ஸ்போர்ட்ஸ் கார்தான் என்கிறார் என் அண்ணன். சிரிக்கலாமா?
(வாசகி, ஸ்ரீபெரும்புதூர்)

ப: மெதுவாக. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டாக வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியர் மிக்கெலோட்டி. 1961 முதல் நம்ம வண்டலூர்ப் பக்கத்திலேயே ஸ்டாண்டர்டு ஹெரால்டாகச் செய்தார்கள். 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காருக்கு அடிப்படை இதே ஹெரால்டுதான். முன் சஸ்பென்ஷனும் அதே வார்ப்பு. லோட்டஸ் எலான் ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கரத் தண்டும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். சோழவரம் ரேஸிலும் ஹெரால்டுகள் ஓடின. அண்ணன் பாதி சரி. மீதிப் பாதி, 948 சி.சி. இன்ஜினோடு பைபாஸில் கன்டெய்னர் லாரியை முந்தப் பார்க்கும்போது அவருக்கே தெரிந்துவிடும்.

கே: சத்த விஷயத்தில் நீங்கள் ஏமாந்ததுண்டா?
(வாசகர், இருங்காட்டுக்கோட்டை)

ப: மூன்று ஞாயிற்றுக்கிழமை. இந்த வண்டியில் போனட்டும் மட்கார்டும் ஒரே துண்டாக முன்னால் கவிழும். டயர் மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். நானும் ஜமீன்தார் மாதிரி உட்கார்ந்து புஷ் மாற்றினேன், ஷாக் மாற்றினேன். 'கலகல' போகவில்லை. மெதுவாகப் போனால் கேட்கும், வேகமெடுத்தால் நின்றுவிடும். பங்க்சர் போட வந்த பையன் வீல் கப்பைக் கழற்றினான். கொட்டைப்பாக்கு அளவில் ஒரு ஜல்லி உருண்டு அவன் காலடியில் நின்றது. வேகத்தில் அது விளிம்போடு ஒட்டிக்கொண்டு ஊமையாகியிருக்கிறது. இன்னொரு தடவை, போனட்டின் பக்கவாட்டுக் கொக்கி தளர்ந்ததற்கு பால் ஜாயின்ட்டைத் திட்டினேன்.

கே: சுற்றிலும் இத்தனை கார் கம்பெனி. ஹெரால்டுக்கு ஒரு புஷ் கிடைக்கவில்லையே?
(வாசகர், சுங்குவார்சத்திரம்)

ப: கடல் நடுவே குடிதண்ணீர் தேடுகிறீர்கள். புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு பாருங்கள். டிரனியனுக்குள் போகும் நைலான் புஷ்ஷை நல்ல லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். டிரனியனையே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இடது, வலது பார்த்து வாங்குங்கள். இரண்டுக்கும் மரை எதிரெதிர். தண்டில் விரிசல் கண்டால் வெல்டிங் வைக்க மட்டும் சம்மதிக்காதீர்கள்.

கே: முன்பக்கச் சத்தம் நின்றதும் வேறொரு சத்தம் கேட்கிறது!
(வாசகர், மாம்பாக்கம்)

ப: அது முன்பே இருந்ததுதான். பெரியவர் பேசி முடிக்கட்டும் என்று காத்திருந்திருக்கிறது. முன்பக்கமா பின்பக்கமா என்று எழுதுங்கள். பின்பக்கம் என்றால் குறுக்கே போகும் பட்டை ஸ்பிரிங்கைப் பற்றிப் பேச வேண்டும். தபால் கார்டு போதாது.