சுதந்திரம், பாக்கெட் எவ்வளவு?

ஆவூரிலிருந்து திருச்சிக்குப் போன மாமா, மத்தியச் சிறைக் கைதிகள் செய்த பொருள்களை விற்கும் சிறை அங்காடியில் மிக்சர் வாங்கி வந்தார். "பேரைப் பாத்தியா மாப்ள?" என்றார். தமிழகச் சிறைத்துறை தன் சரக்குக்கு வைத்திருக்கும் வணிகப் பெயர் 'ஃப்ரீடம்'. வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு அதிகமா, அறவே இல்லையா, தெரியவில்லை. வ.உ.சி. கோவைச் சிறையில் செக்கிழுத்தபோது அந்த எண்ணெய்க்கு இப்படியொரு பெயர் யாருக்கும் தோன்றவில்லை, பாவம்.

மிக்சரில் குறையில்லை. விலையும் கொள்ளை இல்லை. கொள்ளையடித்தவர்கள்தான் உள்ளே இருக்கிறார்களே என்று சிரிக்கலாம். ஆனால் 2022 கடைசிக் கணக்கில் இந்தியச் சிறைவாசிகளில் நான்கில் மூவர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். சிலருக்கு ஜாமீனும் கிடைத்திருக்கும், வெளியே வரத்தான் வழியிருக்காது. வீட்டு வரி ரசீதோடு இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட வேண்டுமே!

அப்படி ஒரு கையெழுத்துக்காக மாமாவைத் தேடியும் போன வாரம் ஆள் வந்ததாம்.

"போட்டீங்களா மாமா?"

ஒரு பிடி ஃப்ரீடத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"நமக்கெதுக்கு மாப்ள வம்பு?"