டே பை டே அண்ணாச்சி

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். டே பை டே அண்ணாச்சி பஸ்ஸில் ஏறிவிட்டால் அதற்குள் பிரளயம் வந்துவிடும். ஏறும்போது, "வெயில் கிராஜுவலா ஏறுது." பாதி வழியில், "ஹாட்டர் அண்ட் ஹாட்டர்." ஆண்டாள் கோயிலின் பதினோரு நிலைக் கோபுரம் கண்ணில் பட்டதும், "அவுட் ஆஃப் கன்ட்ரோல்!" வெயில் என்னவோ புறப்பட்டபோது இருந்த வெயில்தான்.

பஞ்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த ரகத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். இவர்களுக்கு எதுவும் சும்மா இருக்கக் கூடாது. ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் இங்கிலீஷில். எதிர்வீட்டு ராஜபாளையம் நாய் ஒரு தடவை குரைத்தால், "டென்ஷன் எஸ்கலேட் ஆகுது." நாய் அதோடு படுத்துத் தூங்கிவிடும், அண்ணாச்சி தூங்க மாட்டார். ஆடிப்பூரத் தேருக்குக் கூட்டம் சேர்ந்தால், "ஸ்னோபால் ஆகுது, பார்த்துக்கிடுங்க." ஸ்னோவை ஃப்ரிட்ஜுக்குள் மட்டுமே பார்த்த ஊர் இது.

சரி, குறைகிற விஷயத்துக்கு என்ன செய்வார் என்று கேட்பீர்கள். அதற்கும் வழி வைத்திருக்கிறார். அய்யனார் அருவியில் கோடையில் தண்ணீர் வற்றும். "தண்ணி குறையிறது டே பை டே இன்க்ரீஸ் ஆகுது" என்றார்.

"அப்ப கூடுதா, குறையுதா அண்ணாச்சி?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டும் பீக்ல இருக்கு."

அவரை ஒரே ஒரு வார்த்தைதான் சாய்க்கும். பி.பி. பார்த்த டாக்டர் "நார்மல்" என்றதும் முகம் தொங்கிப் போயிற்று. "நல்லாப் பாருங்க டாக்டர், உள்ளுக்குள்ள ஒரு ரைசிங் டிரெண்ட் இருக்கும்."

உண்மையிலேயே நிமிஷத்துக்கு நிமிஷம் இறுகுகிற பொருள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்று உண்டு: பால்கோவா. பாலும் சர்க்கரையும் விறகடுப்பில் கொதித்துச் சுண்டிச் சுண்டித் திரள்கிற அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் அண்ணாச்சி போய் நின்றார். மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் உலகில் கிடையாது. "திக்கர் அண்ட் திக்கர்..." என்று ஆரம்பித்தார்.

"தள்ளி நில்லுங்க அண்ணாச்சி, பேச்சுக் குடுத்தா அடிப்பிடிச்சிரும்" என்றார் கிண்டுகிறவர், கரண்டியை நிறுத்தாமல்.

அண்ணாச்சி கல்லாப் பக்கம் ஒதுங்கினார். "2019ல புவிசார் குறியீடு வேற வந்தாச்சு, டிமாண்டு ஸ்கைராக்கெட்டிங்! கிலோ இப்ப என்ன விலை?"

"போன மாசம் வாங்குன அதே விலைதான்."

"அதேயா?" அண்ணாச்சிக்குத் தாங்கவில்லை. "என்னய்யா யாவாரம் பண்ணுறீங்க? பத்து ரூவாயாவது ஏத்தக் கூடாது?"