மணையில் எல்லாரும் முக்கோணம்

கல்யாணப் புடவை எடுக்கக் கிளம்பும் பெண்ணை இப்போதெல்லாம் அழகுக்குறிப்புகள் வழிமறித்து, நீ பேரிக்காயா, ஆப்பிளா என்று விசாரிக்கின்றன. பேரிக்காய் என்றால் இடுப்புக்குக் கீழே பகட்டு ஆகாது. ஆப்பிள் என்றால் முந்தானை மடிப்பால் வயிற்றை மறைக்க வேண்டும். குள்ளம் என்றால் சின்னக் கரை, உயரம் என்றால் பெரிய கரை. மேலும் கீழும் ஒரே அளவாக இருக்கும் ஒல்லிப் பெண்ணுக்குப் பழக்கடையில் இடமில்லை. அவளை ‘செவ்வகம்’ என்று கணக்குப் பாடத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்தக் குறிப்புகள் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாமே மணப்பெண் நிற்கிறாள் என்று நம்பி எழுதியவை. நம் முகூர்த்தத்தில் அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

கவுனுக்கு இந்தக் கணக்கு சரிதான். 1840இல் விக்டோரியா ராணி வெள்ளை உடுத்தி மணம் முடித்த பிறகு செல்வாக்குப் பெற்ற வெள்ளைக் கவுன், நடப்பதற்கான உடை. தேவாலய வாசலிலிருந்து பீடம்வரை மணப்பெண் நடக்கிறாள், பிறகு சபைக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள். அதனால்தான் முதுகில் பித்தான் வரிசை, தரையில் புரளும் வால், இடுப்பில் அத்தனை கத்தரி வேலை. வெட்டித் தைக்கும் துணிக்கு உடம்பின் அளவு தெரிந்தாக வேண்டும். காஞ்சிபுரம் பட்டுக்கு அந்தக் கவலையே இல்லை. ரவிக்கைத் துணி போக ஏறக்குறைய ஐந்தரை மீட்டர், பேரிக்காய்க்கும் அதே, ஆப்பிளுக்கும் அதே. உடம்புக்குத் தகுந்தபடி கொசுவத்தில் ஒரு மடிப்பு கூடும், குறையும், அவ்வளவுதான். மடிசாருக்கு ஒன்பது கஜம் கேட்டுப் போனாலும் கடைக்காரர் இடுப்பளவு கேட்பதில்லை.

மணவறைக்கு வருவோம். மணையில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் எந்த உடம்பும் முக்கோணம் ஆகிவிடுகிறது: அடி அகலம், உச்சியில் தலை. அழகுக்குறிப்புகளில் இந்த வடிவத்துக்கு ஒரு வரிகூடக் கிடையாது. அடுத்து மாலை ஏறுகிறது. ரோஜாவும் சம்பங்கியுமாகத் தோளிலிருந்து மடிவரை இறங்கும் அந்தக் கனத்த மாலை, இடையின் வளைவையும், ஆரி ஊசியால் பார்த்துப் பார்த்துக் கோத்த ரவிக்கையின் முன்பக்கத்தையும் ஒருசேர மூடிவிடும். முதுகில் மயிலும் பல்லக்கும் தைத்திருந்தால் அதன்மேல் பூ வைத்துத் தைத்த ஜடை தொங்கும், ஜடைக்குப் பின்னால் நாத்தனார் விளக்கோடு நிற்பார். ஒட்டியாணமோ, நிற்கும்போது இடுப்பைக் காட்டிவிட்டு, உட்கார்ந்ததும் விலா எலும்பைத் தேடி மேலேறும். இப்படிக் கழித்துக்கொண்டே வந்தால் மிஞ்சுவது முகம், கை, முழங்காலைச் சுற்றிப் படரும் கரை. எடுப்பாக இருக்க வேண்டியவை இவை மூன்றும்தான். முகத்துக்கு ஒத்துப்போகும் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கடை விளக்கில் எந்த அரக்கும் அழகாகத்தான் தெரியும். ஆரி வேலைக்கு ஒதுக்கிய பணத்தை ரவிக்கைக் கைகளில் கொட்டலாம். கரையைப் பொறுத்தவரை குள்ளம், உயரம் என்ற விதி மணையில் செல்லாது. கோர்வைப் பட்டில் கரைக்குத் தனி நாடா ஓட்டி, ஒவ்வொரு இழையாக உடலோடு கோத்து நெய்கிறார்கள்; பாரம்பரிய முறையில் அதற்கென்றே தறியில் இன்னோர் ஆள் வேண்டும். அந்த உழைப்பு கண்ணில் படும் நேரத்தில் அரை அங்குலக் கரை வாங்கிச் சிக்கனம் பிடிப்பானேன்?

ரிசப்ஷனில் மணிக்கணக்கில் நிற்கிறாளே என்று கேட்கலாம். நிற்கிறாள்தான், ஆனால் அதற்கென்று வேறு புடவையோ லெஹங்காவோ தயாராக இருக்கிறது. பழக்கணக்கை அங்கே தாராளமாகப் போட்டுக்கொள்ளட்டும். அங்கேயும் படம் எடுக்கும்போது இரண்டு பக்கமும் சொந்தங்கள் நெருக்கியடிப்பதால், இடையழகு பெரும்பாலும் யாரோ ஒரு பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால்தான் இருக்கும். விறைப்பான புதுப் பட்டு உடம்பை ஊதிக் காட்டும் என்பது இதைவிட வலுவான வாதம், உண்மையும்கூட. ஆனால் அதற்கு மருந்து புடவையை மாற்றுவதில் இல்லை. முதல்நாளே மடிப்பு வைத்து இஸ்திரி போட்டு, இடுப்பில் சுருக்கமில்லாத உள்பாவாடை உடுத்தினால் பட்டு அடங்கிவிடும். எடைதான் அடங்காது. ஜரிகை நிறைந்த முகூர்த்தப் பட்டு ஒரு கிலோவை நெருங்கும். மாலை, நகை கனத்தோடு அதையும் சுமந்துகொண்டு அவள் மணையிலிருந்து எழ வேண்டும், அக்னியை வலம்வர வேண்டும், அம்மிமேல் கால் தூக்கி வைக்க வேண்டும். பேரிக்காய், ஆப்பிள் பேதமெல்லாம் அந்த அம்மிக்குத் தெரியாது.

ஆகவே கடையில் செய்ய வேண்டிய சோதனை வேறு. நிறையப் பட்டுக்கடைகளில் மெத்தை விரித்திருக்கிறார்கள். கூட வந்தவர்கள் எல்லாம் அதில் சாய்ந்து உட்கார்ந்திருக்க, கல்யாணப் பெண்ணை மட்டும் கண்ணாடி முன்னால் நிற்க வைத்துத் தோளில் முந்தானையைப் போட்டுப் பார்க்கிறார்கள். இது தலைகீழ். சுற்றிய புடவையோடு அவள்தான் அந்த மெத்தையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, யார் கையையும் பிடிக்காமல் எழுந்து பார்க்க வேண்டும். விற்பனையாளர் மறுக்கப் போவதில்லை. ‘சீக்கிரம் ஆகட்டும்மா’ என்று அவசரப்படுத்துவது அத்தைமார்கள்தான். அவர்களுக்கு இன்னும் தங்கள் புடவை எடுத்தாகவில்லை.