எத்தனை உரசு?

கையைக் கழுவிவிட்டுக் குழந்தையைத் தொடுங்கள் என்று சொன்னது ஒரு குற்றமா? நேற்று சாயங்காலம் வந்த ஒன்றுவிட்ட அக்கா, காபியைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். போகும்போதும் சும்மா போகவில்லை. "தொப்புளச் சுத்தி வசம்பு போட்டியான்னு கேட்டா, கை கழுவுங்கறான்" என்று பஸ் நிறுத்தம் வரைக்கும் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே போனாராம். கைக்குள் வைத்திருந்ததும் வசம்புதான். பெருங்காயமும் சுண்ணாம்பும் இருந்தன. சுண்ணாம்பு எதற்கு என்று கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

பேத்தியின் அழுகை எதற்கு நிற்கும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் தொப்பூரில் வீடு வைத்திருப்பவனின் கஷ்டத்தைக் கொஞ்சம் கேளுங்கள். சேலத்திலிருந்து தர்மபுரி போகிறவர்கள், தர்மபுரியிலிருந்து சேலம் போகிறவர்கள், மேட்டூர்ப் பக்கம் திரும்புகிறவர்கள் எல்லோருக்கும் எங்கள் வீடு "போற வழிதான". மகள் பிரசவத்துக்கு வந்ததிலிருந்து சேலத்துச் சொந்தம் ஓமத் தண்ணீரோடு இறங்குகிறது. தர்மபுரிச் சொந்தம் வேலிப்பருத்தி இலையை மடியில் கட்டி வருகிறது. மேட்டூர்க்காரர்கள் வெற்றிலையில் விளக்கெண்ணெய் தடவி, விளக்கில் வாட்டி, வயிற்றில் போடுகிறார்கள். எங்கள் 44-ஆம் எண் நெடுஞ்சாலை ஸ்ரீநகரில் கிளம்பி வருகிறது. நல்லவேளை, காஷ்மீரில் எங்களுக்குச் சம்பந்தம் இல்லை.

குழந்தை அழுகிறதுதான், மறுக்கவில்லை. ஆறு மணி அடித்தால் பிரேக் பிடிக்காமல் கணவாய் இறங்குகிற லாரிதான் அது. வழியெல்லாம் எச்சரிக்கைப் பலகை இருந்தும் தானாக நின்றால்தான் உண்டு. டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்: எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது, ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தாலோ, பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ உடனே தூக்கி வாருங்கள். மற்றபடி ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டும், சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். எல்லோரும் தலையாட்டினோம். வீட்டுக்கு வந்ததும் முதல் காரியமாக உரைகல்லைக் கழுவினார்கள்.

உரை மருந்து பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுக்கு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுட்ட வசம்பு. தாய்ப்பால் விட்டு உரைக்க வேண்டும். இதுவரை சண்டையில்லை. எவ்வளவு என்பதில்தான் வீடு இரண்டாகிறது. கிராம், மில்லி எல்லாம் இங்கே செல்லாது. அளவு, உரசு. ஜாதிக்காய் ஒரு உரசு, மாசிக்காய் இரண்டு, கடுக்காய் மூன்று. சரி, ஒரு உரசு என்றால் என்ன? போய்த் திரும்பினால் ஒன்றா? போனால் ஒன்று, வந்தால் ஒன்றா? என் மனைவி நேராக இழுப்பாள். சம்பந்தியம்மாள் வட்டமாகச் சுற்றுவார். வட்டத்துக்கு எது ஆரம்பம்? அது ராகி அரைத்து உரமேறிய கை. ஒரே சுற்றில் ஜாதிக்காய் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். போதாததற்கு எங்கள் கல் புதிது, சொரசொரப்பு. அவர்கள் வீட்டுக் கல் மூன்று தலைமுறை தேய்ந்த வழவழப்பு. வழவழக் கல்லின் மூன்று உரசு சொரசொரக் கல்லில் எத்தனை? எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் வைக்க வேண்டிய கேள்வி. தலைக்கு ஊற்றிய அன்று ஒன்று கூட்டணுமாம். மழை பெய்தால் சுக்கில் ஒன்று. நடுவில் போன் வந்தால் எண்ணிக்கை விட்டுப்போகும். விட்டால் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். கல்லில் இருப்பதைத் துடைப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? எண்ணிக்கைதான் ஒன்றிலிருந்து, மருந்து இருந்த இடத்திலிருந்து. அன்றைக்குக் குழந்தை அடித்துப்போட்டாற்போலத் தூங்கும். தூங்காமல் என்ன செய்யும்? ஜாதிக்காய் அளவு மீறினால் வளர்ந்த ஆளையே மயக்கிப் போடும். "பாத்தீங்களா, வயிறு லேசாயி எப்பிடித் தூங்குது" என்கிறார் சம்பந்தியம்மாள். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை குத்துகிற அரசாங்கம் உரைகல்லுக்கும் ஒன்று குத்தினால் என்ன என்று கேட்டேன். சம்பந்தியம்மாளின் கையையும் சேர்த்துத்தான் குத்த வேண்டியிருக்கும் என்பதை மனதுக்குள் வைத்துக்கொண்டேன்.

சித்த வைத்தியர்களைச் சொல்லவில்லை. அவர்கள் உரை மாத்திரை என்று அளவோடு செய்து தருகிறார்கள். பாலவாகடம் மாந்தத்தையே வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. எங்கள் ஆட்கள் பஸ் படியில் கால் வைக்கும்போதே இன்ன மாந்தம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். வசம்பை உணவில் சேர்க்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1968-லேயே தடை போட்டுவிட்டார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "அவங்க கொழந்தைக்கு யார் கண்ணு படப்போவுது?" என்று பதில் வந்தது.

அதே அமெரிக்காவில் 1954-இல் வெஸல் என்ற டாக்டர் ஒரு கணக்கு வகுத்தார். நன்றாகத் தேறி வரும் குழந்தை தினம் மூன்று மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் மூன்று நாளுக்கு மேல், மூன்று வாரத்துக்கு மேல் அழுதால் அதுதான் இந்த வயிற்று வலி. ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அடங்குகிற அன்று யார் மருந்து உள்ளே போயிருக்கிறதோ அவருக்கு ஆயுளுக்கும் பெயர். அடுத்த தலைமுறைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முந்தின நாள் வரை கொடுத்தவர்கள் எல்லாம் கல்யாணப் பந்தியில் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான். 1993-இல் இஸ்ரேலில் சோம்பு, சீமைச் சாமந்தி, அதிமதுரமெல்லாம் போட்ட தேநீரைச் சில குழந்தைகளுக்கும், வெறும் இனிப்புத் தண்ணீரைச் சில குழந்தைகளுக்கும் கொடுத்துப் பார்த்தார்கள். தேநீரில் 57 சதவீதம் பேருக்குக் குணம். சும்மாத் தண்ணீரிலும் 26 சதவீதம்! அந்த 26 சதவீதத்தில்தான் எங்கள் பெரியம்மா அறுபது வருஷமாகக் கைராசிக்காரியாக வாழ்கிறார்.

கிரைப் வாட்டர் கட்சியும் உண்டு. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வுட்வர்ட் என்பவர் செய்தது. சதகுப்பை எண்ணெயும் சோடா உப்பும். ஒரு காலத்தில் சாராயச் சத்தும் இருந்தது, பிறகு எடுத்துவிட்டார்கள். எங்கள் தாத்தா, பேரன்களுக்கு ஒரு மூடி ஊட்டிவிட்டுத் தான் மூன்று மூடி குடித்து மூடியை நக்கியதற்குக் காரணம் எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

இத்தனையிலும் மகளை ஒருவர்கூட ராத்திரி தூங்கினாயா என்று கேட்கவில்லை. என்ன தின்றாய் என்று மட்டும் கேட்கிறார்கள். பருப்பா? அப்போ வாய்வு. கிழங்கா? அப்போ நிச்சயம் வாய்வு. தக்காளி ரசம் என்றால் சளி. அவள் இப்போது பூண்டுக் குழம்பையும் சோற்றையும் வைத்துக்கொண்டு குற்றவாளிக் கூண்டில் நிற்கிறாள். அந்தக் கூண்டுக்கு எதிரே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிற அத்தனை பேரும் என் வீட்டில் பருப்புச் சாம்பார்தான் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

அழுகை எதற்கு நிற்கும் என்று சொல்ல வந்தேன். எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருவில் கழுதைப்பால்காரர் வந்துவிட்டார். ஒரு சங்கு ஐம்பது ரூபாயாம். கண்ணெதிரே கறந்து கொடுப்பார், காய்ச்சக் கூடாது, பச்சையாகப் புகட்ட வேண்டும். "வவுத்து வலி, சளி, செவ்வாப்பு எல்லாம் ஒரே சங்குல ஓடிடும் சார்." பக்கத்தில் குட்டி நின்றிருந்தது. "இந்தக் குட்டிக்கு வயித்த வலிச்சா என்னய்யா குடுப்ப?" என்றேன்.

"அதுக்கு எப்பிடி சார் வலிக்கும்? கழுதப் பால்ல குடிக்குது."

நான் பதில் யோசிப்பதற்குள் சம்பந்தியம்மாள் சங்கோடும் சில்லறையோடும் வாசலுக்கு வந்துவிட்டார்.